அடிமனை ஒருவருக்கு, கட்டடம் இன்னொருவருக்கு: டிஸ்னி வளாக விடுதிகளின் வரலாறு

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்னும் தீம் பார்க் வளாகத்தில் இருபதுக்கும் மேற்பட்ட தங்கும் விடுதிகள் இருக்கின்றன. பார்வைக்கு அவை யாவும் ஒரே நிறுவனத்தின் உடைமைகளாகத் தெரிந்தாலும், டிஸ்னி தானே கட்டித் தானே நடத்துபவை, டிஸ்னியின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிறர் கட்டி நடத்துபவை, டிஸ்னி கட்டிப் பின்னர் பிறருக்குக் கைமாற்றியவை என அவற்றின் உரிமை பலவகைப்படும். இவற்றுள் அடிமனை டிஸ்னியிடமும் கட்டடம் பிறரிடமும் இருக்கும் விடுதிகளைக் கூட்டாளி விடுதிகள் எனக் கொள்ளலாம். இவற்றைப் பூங்காவின் அதிகாரபூர்வ விடுதிகளாகக் கணக்கிடலாமா என்னும் கேள்வி, பூங்கா தோன்றிய காலத்திலிருந்தே இருந்து வருகிறது. அதற்கு ஒவ்வொரு காலத்திலும் கிடைத்த விடையை முடிவு செய்தது வேலிக்கு உள்ளே, வெளியே என்ற நில எல்லை அன்று, முதலீடு யாரிடம் இருந்தது என்பதும் அதற்கேற்ப எழுதப்பட்ட ஒப்பந்தமுமே.

இதன் தொடக்கம் ஃபுளோரிடாவில் இல்லை, கலிஃபோர்னியாவின் அனாஹெய்ம் நகரில் இருக்கிறது. அங்கே ஆரஞ்சுத் தோட்டங்களாக இருந்த 160 ஏக்கர் நிலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் டாலர் செலவில் எழுந்த டிஸ்னிலேண்ட், 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்டது. ஏபிசி தொலைக்காட்சி நிறுவனத்தின் முதலீட்டையும் கடன் உத்தரவாதத்தையும் கொண்டே பூங்காவைக் கட்டி முடிக்க வேண்டியிருந்ததால், வருவோர் தங்குவதற்கு விடுதி கட்ட வால்ட் டிஸ்னியிடம் பணம் மிஞ்சவில்லை. அந்தப் பொறுப்பை ஏற்றவர் டெக்சாஸ் எண்ணெய்த் தொழிலிலிருந்து தொலைக்காட்சித் தயாரிப்புக்கு வந்தவரும், 'லோன் ரேஞ்சர்', 'லாஸி' ஆகிய தொடர்களின் உரிமையாளருமான ஜாக் ராதர். அவர் கட்டிய டிஸ்னிலேண்ட் ஹோட்டல் 1955 அக்டோபரில், சாலைக்கு அப்பால் பூங்காவின் மேற்குப் பக்கத்தில் திறக்கப்பட்டது. தென் கலிஃபோர்னியாவில் விடுதிக்கு டிஸ்னியின் பெயரைச் சூட்டும் உரிமையும் நீண்டகால ஒப்பந்தத்தின் வழியே அவருக்குக் கிடைத்தது.

இவ்வாறு, டிஸ்னியின் பெயரைத் தாங்கிய முதல் விடுதியே டிஸ்னிக்குச் சொந்தமில்லாத விடுதியாக அமைந்தது. ஆயினும் அதைப் பூங்காவின் விடுதியாக ஏற்பதில் எவருக்கும் தயக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1959இல் பூங்காவுக்குள் ஓடத் தொடங்கிய மோனோரயில், அதாவது ஒற்றைத் தண்டவாளத்தில் தூண்களின் மேல் செல்லும் ரயில், 1961இல் அந்த விடுதியின் வாசல் வரை நீட்டிக்கப்பட்டது. உடைமை வேறாகவும் புழக்கம் ஒன்றாகவும் இருந்த இந்நிலை முப்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1984இல் ராதர் காலமானார். 1988இல் அவருடைய நிறுவனத்தை முழுமையாக வாங்கிய பிறகே அந்த விடுதியும், அதைவிட முக்கியமாகத் தன் பெயரை விடுதிக்குச் சூட்டும் உரிமையும் டிஸ்னியின் கைக்கு வந்தன.

அனாஹெய்மில் டிஸ்னி கற்ற பாடம் இன்னொன்றும் உண்டு. பூங்காவின் மதில் முடிந்த இடத்திலேயே பிறருடைய மோட்டல்களும் உணவகங்களும் நெருக்கியடித்து எழுந்தன. பூங்கா ஈர்த்து வந்த கூட்டத்தின் செலவில் பெரும்பங்கு அவற்றுக்கே போயிற்று. அதனால்தான் ஃபுளோரிடாவில் இரண்டாவது பூங்காவுக்கு நிலம் தேடியபோது, வாங்குபவர் யாரென்று வெளியே தெரியாதபடி பல துணை நிறுவனங்களின் பெயரில் ஏறத்தாழ 27,000 ஏக்கரை டிஸ்னி வளைத்துப் போட்டது. 1967இல் அம்மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம் என்னும் தனி நிர்வாக அமைப்பு, சாலை, வடிகால், கட்டட விதிகள் ஆகியவற்றில் ஓர் உள்ளாட்சிக்குரிய அதிகாரத்தை நடைமுறையில் நிறுவனத்தின் கையில் கொடுத்தது. நிலம் முழுவதும் தன்னுடையதாகிவிட்டபின், யார் எங்கே விடுதி கட்டலாம் என்பதை முடிவு செய்யும் அதிகாரமும் டிஸ்னியுடையதாயிற்று.

அதிகாரம் இருந்த அளவுக்கு முதலீடு இருக்கவில்லை. 1971 அக்டோபர் 1 அன்று வளாகம் திறந்தபோது இருந்த பெரிய விடுதிகளான கன்டெம்பரரியையும் பாலினேஷியன் வில்லேஜையும் கட்டியது யுனைடெட் ஸ்டேட்ஸ் ஸ்டீல் என்னும் உருக்கு நிறுவனம். எஃகுச் சட்டகத்தாலான அறைகள் அருகிலிருந்த பட்டறையில் குளியலறை உட்படத் தனித்தனிப் பெட்டிகளாகச் செய்து முடிக்கப்பட்டு, லாரியில் கொண்டுவரப்பட்டு, கிரேன் கொண்டு தூக்கிக் கட்டடத்தின் எலும்புக்கூட்டில் பொருத்தப்பட்டன. கட்டடங்களில் அந்த உருக்கு நிறுவனத்துக்கு உரிமையும், நடத்துவதில் டிஸ்னிக்குப் பொறுப்பும் இருக்கும் என்பதே முதல் ஏற்பாடு. ஆனால் திறந்த சிறிது காலத்திலேயே உருக்கு நிறுவனத்தின் பங்கை டிஸ்னி வாங்கிக்கொண்டது. இன்று டிஸ்னியின் சொந்த விடுதிகளுக்கு முன்மாதிரியாகச் சொல்லப்படும் இவ்விரண்டுமே கூட்டாளி விடுதிகளாகத் தொடங்கியவை என்பது கருதத்தக்கது.

முதல் ஆண்டிலேயே ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வந்த பூங்காவுக்கு இவற்றின் சுமார் 1,500 அறைகள் போதவில்லை. ஆகவே வளாகத்தின் கிழக்கோரத்தில், லேக் புவனா விஸ்டா என்னும் பகுதியில் ஒரு சாலையை ஒதுக்கி, அதன் இருமருங்கிலும் பிற நிறுவனங்கள் விடுதி கட்டிக்கொள்ள மனைகளைக் குத்தகைக்கு விட்டது டிஸ்னி. ராயல் இன், டட்ச் இன், டிராவலாட்ஜ், ஹோவர்ட் ஜான்சன் ஆகிய நான்கும் 1972 முதல் அங்கே அடுத்தடுத்து வந்தன. விடுதித் தொழிலில் அடிமனைக் குத்தகை எனப்படும் இம்முறையில், நிலத்துக்குச் சொந்தக்காரர் மனையைப் பல பத்தாண்டுகளுக்கு விடுவார். கட்டுமானச் செலவும் இழப்பு நேர்ந்தால் அதன் சுமையும் குத்தகைதாரருடையவை. குத்தகைக் காலம் முடிந்ததும் கட்டடம் பெரும்பாலும் நிலத்தோடு சேரும். கைப்பணம் போடாமல் அறைகளைப் பெருக்கிக்கொள்ளவும், வாடகை பெறவும், என்ன கட்டப்படுகிறது என்பதைக் கண்காணிக்கவும் டிஸ்னிக்கு இது வழிசெய்தது. 1973இன் எண்ணெய் நெருக்கடியை அடுத்து ஏரிக்கரையில் டிஸ்னி தானே கட்டத் திட்டமிட்டிருந்த ஆசிய, வெனிஸ், பாரசீகப் பாணி விடுதிகள் கைவிடப்பட்டபோது, இந்தக் குத்தகை விடுதிகளின் தேவை மேலும் கூடியது.

இப்போக்கு 1984இல் திசைமாறியது. அவ்வாண்டு செப்டம்பரில் தலைமைப் பொறுப்பேற்ற மைக்கேல் ஐஸ்னரும், மேரியட் விடுதி நிறுவனத்திலிருந்து நிதித் தலைவராக வந்த கேரி வில்சனும், பூங்கா ஈர்க்கும் கூட்டத்துக்கு அறை கொடுக்கும் லாபத்தைப் பிறருக்கு விட்டுத்தருவது வீண் என்று கருதினர். ஆனால் எப்காட் பூங்காவின் கட்டுமானத்தை மேற்பார்த்த டிஷ்மன் நிறுவனத்துக்கு வளாகத்துக்குள் இரண்டு பெரிய விடுதிகள் கட்டும் உரிமையை முந்தைய நிர்வாகம் ஏற்கெனவே எழுதிக்கொடுத்திருந்தது. திட்டத்தின் சாதாரணமான வடிவமைப்பை ஐஸ்னர் ஏற்க மறுக்க, டிஷ்மன் தன் உரிமையை விட்டுக்கொடுக்க மறுக்க, பூசல் நீண்டு கடைசியில் உடன்பாட்டில் முடிந்தது. விடுதிகள் டிஷ்மன் தரப்புக்கே உரியவையாக இருக்கும், அவற்றின் தோற்றத்தில் டிஸ்னியின் சொல் செல்லும் என்பது அதன் சாரம்.

அதன்படி கட்டடக் கலைஞர் மைக்கேல் கிரேவ்ஸ் வடிவமைத்த ஸ்வான், டால்ஃபின் ஆகிய விடுதிகள் எப்காட்டுக்கு அருகே 1990இல் திறக்கப்பட்டன. முதலாவதன் கூரைமேல் 47 அடி உயர அன்னங்கள் இரண்டு. இரண்டாவதன் கூரைமேல் 56 அடி உயர மீன்கள் இரண்டு. நீர்வாழ் பாலூட்டியான டால்ஃபினின் உருவத்தை இவற்றில் தேடுபவர் ஏமாந்துபோவார். பழைய ஐரோப்பியக் கடற்படங்களிலும் நீரூற்றுச் சிற்பங்களிலும் காணப்படும் செதில் மீனே கிரேவ்ஸ் கொண்ட மாதிரி. டிஷ்மனோடு மெட்லைஃப் காப்பீட்டு நிறுவனமும் ஜப்பானின் அவோகி நிறுவனமும் முதலீட்டில் சேர்ந்திருந்தன. தொடக்கத்தில் வெஸ்டின், ஷெரட்டன் ஆகியவற்றிடம் இருந்த நிர்வாகம், பின்னர் ஸ்டார்வுட்டுக்கும், 2016இல் அந்நிறுவனத்தை வாங்கிய மேரியட்டுக்கும் சென்றது. 2021இல் ஸ்வான் ரிசர்வ் என்னும் மூன்றாவது விடுதியும் இவற்றுடன் சேர்ந்தது.

கூட்டாளி விடுதியின் நிலை எத்தகையது என்பதை இவ்விடுதிகளில் தங்குபவருக்குக் கிடைப்பவற்றையும் கிடைக்காதவற்றையும் ஒப்பிட்டால் விளங்கும். விடுதிகளின் முழுப்பெயரில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்பதும் இடம்பெறுகிறது. எப்காட்டுக்கும் அதே வளாகத்தின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவுக்கும் செல்லும் படகுகள் இவற்றின் துறையில் நின்று செல்கின்றன. எல்லா நாட்களிலும் பூங்காவுக்குள் அரை மணி நேரம் முன்னதாக நுழையும் சலுகையும், உயர்தர விடுதிகளில் தங்குவோருக்கு மட்டும் சில இரவுகளில் கிடைக்கும் கூடுதல் நேரமும் இவர்களுக்கு உண்டு. மறுபுறம், பூங்காவுக்குள் உண்டதையும் வாங்கியதையும் அறைக் கணக்கில் எழுத முடியாது. 2005 முதல் 2022 வரை டிஸ்னியின் சொந்த விடுதிகளுக்கு இயங்கிய இலவச விமான நிலையப் பேருந்து இவர்களை ஏற்றவில்லை. டிஸ்னியின் சொந்த விடுதிகளில் 2023 முதல் வாகன நிறுத்தம் மீண்டும் இலவசமாக்கப்பட்டது. இங்கே அதற்குத் தனிக் கட்டணம் உண்டு.

இந்தக் கணக்கு எல்லா விடுதிகளுக்கும் ஒரே மாதிரியானதன்று. காலத்துக்குக் காலம் மாறியும் வந்துள்ளது. 1973இல் டிஸ்னியே கட்டிய கோல்ஃப் ரிசார்ட், 1994இல் அமெரிக்க ராணுவத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டு ஷேட்ஸ் ஆஃப் கிரீன் என்று பெயர் மாறியது. 1996இல் கட்டடத்தை ராணுவமே விலைக்கு வாங்கியது, நிலம் மட்டும் டிஸ்னியிடம் தங்கியது. படைவீரர்கள், ஓய்வுபெற்றோர், அவர்தம் குடும்பத்தினர் போன்ற தகுதியுடையோர் மட்டுமே தங்கக்கூடிய, தங்குபவரின் பதவிநிலைக்கு ஏற்ப வாடகை மாறும் அவ்விடுதிக்கு, முன்னுழைவு, இரவுக் கூடுதல் நேரம் ஆகிய இரண்டும் உண்டு. அதே நிலத்தில் அரை நூற்றாண்டாக இருக்கும் லேக் புவனா விஸ்டா சாலை விடுதிகளில் பெரும்பாலானவற்றுக்கோ, பூங்காவில் கூடுதல் நேரம் என்னும் சலுகை 2018இல்தான் எட்டியது. இரவுச் சலுகை இன்றும் இல்லை. நில எல்லையே அளவுகோல் என்றால் இவை அனைத்துக்கும் ஒரே தகுதி இருந்திருக்க வேண்டும்.

ஜப்பானின் நிலை இதை இன்னும் தெளிவாக்குகிறது. 1983இல் திறக்கப்பட்ட டோக்கியோ டிஸ்னிலேண்ட், கடலைத் தூர்த்த நிலத்தில் ஓரியண்டல் லேண்ட் என்னும் ஜப்பானிய நிறுவனம் கட்டி நடத்துவது. டிஸ்னி அதிலிருந்து உரிமத் தொகை மட்டுமே பெறுகிறது. அங்கே அதிகாரபூர்வ விடுதிகள் என்னும் பட்டம் 1980களின் பிற்பகுதியிலிருந்து வளைகுடாக் கரையில் வந்த ஷெரட்டன், ஹில்டன் போன்ற பிறருடைய விடுதிகளுக்கு உரியது. டிஸ்னி விடுதிகள் என்ற தனி வகுப்பு 2000இல் அம்பாசடர் விடுதியுடன் தொடங்கியது. அவற்றையும் நடத்துவது ஓரியண்டல் லேண்டின் துணை நிறுவனமே. அவற்றுக்குக் கீழ் அதிகாரபூர்வ விடுதிகளும், சற்றுத் தொலைவில் அங்கே கூட்டாளி எனப் பெயரிடப்பட்ட விடுதிகளும் வரிசைப்படுத்தப்பட்டு, ஒவ்வொரு படியிலும் கிடைக்கும் சலுகை வெளிப்படையாக அறிவிக்கப்பட்டுள்ளது. மாறாக, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரிலுள்ள யுனிவர்சல் பூங்கா, 1999இல் போர்டொஃபினோ பே தொடங்கித் தன் நிலத்து விடுதிகளை லோவ்ஸ் நிறுவனத்தோடு கூட்டாகவே கட்டி வந்திருப்பதால், சொந்த விடுதி, பிறர் விடுதி என்னும் பிரிவே அங்கே எழவில்லை. வாடகைத் தரத்தைப் பொறுத்தே சலுகை வேறுபடுகிறது.

எல்லாவற்றையும் தானே கட்டுவதும் ஆபத்தில்லாத வழி அன்று என்பதற்குப் பாரிஸ் சான்று. 1992இல் ஏறத்தாழ 5,200 அறைகளுடன் திறந்த யூரோ டிஸ்னி, முதல் குளிர்காலத்திலேயே அறைகள் நிரம்பாமல் ஒரு விடுதியை மூடிவைக்க நேர்ந்தது. 1994இல் கடன் சீரமைப்புக்கும் வெளி முதலீட்டுக்கும் அது கையேந்தியது. அதன் பின்னர் அங்கும் விரிவாக்கத்தின் ஒரு பகுதி கூட்டாளி விடுதிகளின் வழியே நடந்தது.

இவ்வரலாற்றின்படி, வளாக நிலத்திலுள்ள கூட்டாளி விடுதிகள் அதிகாரபூர்வமானவை என்பதை மறுக்க இடமில்லை; பூங்கா நிறுவனம் ஒப்பந்தத்தால் ஏற்று, பெயரும் சலுகையும் அளித்த விடுதி எதுவும் அத்தகுதி உடையதே. ஆனால் அவை நிறுவனத்தின் சொந்த விடுதிகள் அல்ல. அதிகாரபூர்வத் தகுதி ஒன்றே சொந்த விடுதிகளின் சலுகைகள் முழுவதையும் பெற்றுத் தந்துவிடுவதும் இல்லை. ஆகவே அறை பதிவு செய்பவர், விடுதி வளாகத்துக்கு உள்ளே இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திவிடாமல், கட்டடம் யாருடையது, நடத்துபவர் யார், நடப்பு ஆண்டின் ஒப்பந்தப்படி எந்தெந்தச் சலுகைகள் கிடைக்கும் என்பனவற்றையும் கேட்டறிந்து பணம் கட்டுவதே சரி.