காந்தமின்றிப் பிறக்கும் காந்தப் புலம்

கல்வராயன் மலைமுகட்டில் காந்த ஊசியை வடக்கு நோக்கித் திருப்பும் புவிக் காந்தப் புலத்தின் வலிமை ஏறத்தாழ 0.4 காஸ். அதனினும் பல கோடி மடங்கு வலிய புலம், அருகே எக்காந்தமும் இன்றித் தோன்றக்கூடும் என்பதை லேசர் ஒளி வந்த பின்னரே மனிதன் கண்டறிந்தான். அவ்வரலாற்றில் இந்திய அறிஞர்க்கும் பங்குண்டு.

இதற்கான கொள்கை 1950இல் ஜெர்மானிய வானியலறிஞர் லுட்விக் பியர்மன் விண்மீன்களைக் கருதி வகுத்தது. கோமுகி அணையை அடுத்த மலைச்சரிவில் அதற்கோர் உவமை காணலாம். வெயிலேறச் சரிவை ஒட்டிய காற்று, அதே உயரத்தில் அப்பாலுள்ள காற்றினும் வெம்மையுற்று மேலெழுகிறது. அழுத்தமும் அடர்த்தியும் ஒரே திசையில் மாறாமையால் சுழலோட்டம் பிறக்கிறது. அணுக்களிலிருந்து எலக்ட்ரான்கள் பிரிந்து நிற்கும் பிளாஸ்மாவிலும், அவற்றின் வெப்பமும் அடர்த்தியும் வெவ்வேறு திசைகளில் மாறுமாயின், மின்னோட்டம் சுழன்று காந்தப் புலம் தோன்றும்.

லேசர்ப் பொறியில் எழும் காந்தப் புலத்தை 1966இல் சோவியத் ஆய்வாளர் அளந்தனர். 1971இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தின் ஸ்டாம்பரும் குழுவினரும், திண்பொருள்மீது லேசர் பாய்ச்சி, ஆயிரம் காஸ் அளவிலான புலத்தைக் கண்டு வெளியிட்டனர். அக்கட்டுரையாசிரியருள் ஒருவர் காஷ்மீரில் பிறந்த ஆர். என். சுதன்.

2002இல் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜி. ரவீந்திரகுமார் குழுவினர் அடுத்த படியை எட்டினர். நொடியின் பத்து லட்சம் கோடியில் ஒரு பங்கே நீடிக்கும் லேசர்த் துடிப்பு 2.7 கோடி காஸ் புலத்தை எழுப்பியது. அது நிலைத்தது ஏறத்தாழ 6 பிக்கோ நொடி. ஒரு பிக்கோ நொடி என்பது நொடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. இங்கு புலத்துக்குக் காரணம் பாய்ந்தோடும் அதிவெப்ப எலக்ட்ரான்கள். அவற்றை ஈடுசெய்ய எழும் எதிர் மின்னோட்டம் எதிர்பார்த்ததினும் விரைவாய்த் தணிவதும் அப்போது நேரடியாகக் காணப்பட்டது. இதன் கோட்பாட்டு விளக்கத்தில் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் பி. கே. காவ் பங்கேற்றார். 2012இல் மும்பைக் குழுவினர் இப்புலங்களின் கொந்தளிப்பையும் நேரிற் கண்டனர்.

லேசரால் அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் பெற முயல்வோர்க்கு இப்புலங்கள் பொருட்படுத்தத்தக்கவை. எலக்ட்ரான்களின் பாதையையும் வெப்பத்தின் போக்கையும் அவை மாற்றவல்லன. அண்டத்தின் முதற் காந்தம் எங்ஙனம் முளைத்தது என்னும் வினாவுக்கும் இவ்வாய்வு துணைநிற்கிறது. விண்மீனுக்கென வகுத்த கொள்கை ஆய்வுக்கூடத்தில் மெய்ப்பட்டு, மீண்டும் விண்ணையே விளக்க முற்படுகிறது. சமனின்மையே இங்கு ஆற்றலின் வித்து.