பழி ஓரிடம், வலி ஓரிடம்!

1838-ம் வருடம். இங்கிலாந்தில் எட்வர்ட் ஹேர் என்ற டாக்டரிடம் ஒரு நோயாளி. கையில் வலி, குறுகுறுப்பு, மரத்துப்போதல். எல்லாம் சுண்டுவிரல் பக்கமாகவே ஓடுகிறது. கூடவே, அந்தப் பக்கத்துக் கண் இமை தொங்கிவிட்டது; கருவிழிக்குள் இருக்கும் பாப்பா சுருங்கிவிட்டது.

கைக்கும் கண்ணுக்கும் என்னங்க சம்பந்தம்?

ஹேர் கண்டுபிடித்துவிட்டார். கழுத்தின் அடியில் ஒரு கட்டி. கைக்குப் போகிற நரம்பு, கண்ணுக்குப் போகிற நரம்பு இரண்டுமே அதனிடம் மாட்டிக்கொண்டிருந்தன. லண்டன் மருத்துவப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதினார். உலகம் படித்தது, மறந்தும் போனது.

1895-ல் எக்ஸ்ரே வந்தது. அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஹென்றி பான்கோஸ்ட் என்ற எக்ஸ்ரே நிபுணர், தோள்வலி, கைவலி என்று வந்த சிலரின் மார்பைப் படமெடுத்தார். நுரையீரலின் உச்சியில் ஒரு நிழல்! 1924-லும் 1932-லும் அதைப் பற்றி எழுதினார். அந்தக் கட்டிக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ஆனால், அது நுரையீரலில் முளைத்ததல்ல என்று நினைத்தார் பான்கோஸ்ட். அது நுரையீரல் புற்றுநோய்தான் என்பது பிறகு உறுதியானது.

சரி, மார்பில் கட்டி இருந்தால் கை ஏன் வலிக்க வேண்டும்?

கழுத்திலிருந்து கைக்கு இறங்கும் நரம்புக் கற்றை, நுரையீரலின் உச்சியை ஒட்டித்தான் போகிறது. கட்டி முதலில் அதை நெரிக்கும். பிறகு உள்ளேயே புகுந்துவிடும். போதாததற்கு, நரம்பைச் சீண்டிவிடும் ரசாயனங்களையும் சுரக்கும். காலிங் பெல் ஒயரை நடுவழியில் எலி கடித்தாலும் மணி அடிக்கும். வாசலில் யாரோ நிற்பதாக நினைத்து நாம் ஓடுவோம். மூளையும் அப்படித்தான் ஏமாறுகிறது. சேதமான நரம்பு, யாரும் தொடாமலே 'எரியுது, குத்துது' என்று செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும்.

இந்த வலிக்குச் சாதாரண மாத்திரை பெரும்பாலும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 1986-ல் புற்றுநோய் வலிக்கு மூன்று படி மருந்து முறையை வகுத்தது. மேல்படியில் மார்ஃபின். நரம்பு வலிக்கென்றே தனி மருந்துகளும் உண்டு. கதிர்வீச்சால் கட்டி சுருங்கினால், வலியும் இறங்கும்.

தோள் வலித்தாலே புற்றுநோய் என்று பயப்படாதீர்கள். பெரும்பாலும் அது தசைப்பிடிப்போ, தேய்மானமோதான். ஆனால், வாரக்கணக்கில் தைலம் தேய்த்தும் அடங்காமல், சுண்டுவிரல் வரை இறங்கி, ராத்திரி தூங்கவிடாத வலியை டாக்டரிடம் சொல்லாமல் இருக்காதீர்கள். புற்றுநோய் என்று தெரிந்து சிகிச்சையில் இருப்பவர்களும்தான். 'வலியைப் பொறுத்துக்கோ' என்று வீட்டில் சொல்வார்கள். பொறுக்க வேண்டியதில்லை. எங்கே, எப்படி வலிக்கிறது என்று நோயாளி சொல்வதுதான் டாக்டருக்குத் துப்பு. எக்ஸ்ரே இல்லாத காலத்தில், ஹேருக்குக் கிடைத்ததும் அந்தத் துப்புதானே!