நீரிலிருந்து நெருப்பு

சொந்த லாரி ஓட்டிப் பிழைப்பவருக்குச் செலவுகளுள் தலையாயது டீசல் எண்ணெய். அச்செலவில் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் அவர் குடும்பம் தலைநிமிர்ந்து விடும். ஆகவே, ஒரு பெட்டியில் நீரை ஊற்றி, லாரியின் மின்சாரத்தைக் கொண்டே அந்நீரைப் பகுத்து, வெளிப்படும் ஹைட்ரஜனை எஞ்சினுக்குள் செலுத்தினால் எண்ணெய் மிச்சமாகும் என்று எவரேனும் கூறும்போது, அவர் செவிசாய்ப்பதில் வியப்பில்லை. சில எவர்சில்வர்த் தகடுகள், சிறிதளவு காரம், ரப்பர்க் குழாய் ஆகியவை இருந்தால் பட்டறையிலேயே செய்துகொள்ளக்கூடிய கருவி இது. பல நாடுகளிலும் பலர் செய்து பார்த்திருக்கின்றனர். இவ்வெண்ணம் எவ்வாறு பிறந்தது, எங்கே பொருந்திற்று, எங்கே பொருந்தாது என்பதை வரலாற்றின் துணைகொண்டு காண்போம்.

1766ஆம் ஆண்டில் ஆங்கில அறிஞர் ஹென்றி கேவண்டிஷ், அமிலத்தில் உலோகத்தை இட்டபோது எழும் ‘எரியும் காற்றை’ ஆராய்ந்து அதன் இயல்புகளை விளக்கினார். அது எரியும்போது நீர் உண்டாகிறது என்பதனால், ‘நீரை ஆக்குவது’ என்னும் பொருள்பட ஹைட்ரஜன் என்ற பெயரைப் பிரெஞ்சு அறிஞர் லவாஸியே அதற்குச் சூட்டினார். 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா தம் மின்கல அடுக்கைப் பற்றி உலகிற்கு அறிவித்தார். அதே ஆண்டில் லண்டனில் நிக்கல்சன், கார்லைல் என்னும் இருவர் அத்தகைய அடுக்கின் கம்பிகளை நீரில் தோய்த்தனர். ஒரு கம்பியில் ஹைட்ரஜன் குமிழிகள் எழுந்தன. மற்றதில் ஆக்ஸிஜன் வெளிப்பட்டது. இன்று லாரியில் பொருத்தப்படும் நீர்ப்பெட்டிக்கு மூலம் இச்சோதனையே.

இவ்வாயுவால் எஞ்சினை இயக்கும் முயற்சியும் பழையது. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஐசக் டி ரிவாஸ், ஹைட்ரஜனை மின்பொறியால் வெடிக்கச் செய்து வண்டியை நகர்த்தும் எஞ்சினுக்கு 1807ஆம் ஆண்டில் பிரான்சில் காப்புரிமை பெற்றார். 1820ஆம் ஆண்டில் வில்லியம் செசில் என்னும் பாதிரியார், ஹைட்ரஜனால் இயங்கும் எஞ்சினைப் பற்றிக் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழகத்தில் கட்டுரை வாசித்தார். பெட்ரோல் வண்டி ஓடுவதற்குப் பல்லாண்டுகள் முன்னரே ஹைட்ரஜன் எஞ்சினுக்குள் புகுந்துவிட்டது எனலாம். ஆயினும் அது நிலைக்கவில்லை. ஹைட்ரஜனைப் பெறுவதற்கு ஆகும் செலவும், அதை அடைத்து வைப்பதில் உள்ள தொல்லையும் அதற்குத் தடையாயின.

நூற்றாண்டின் நடுப்பகுதியில் விஞ்ஞானம் ஒரு பேருண்மையைத் தெளிவாக்கிற்று. ஜெர்மானியராகிய மேயர், ஹெல்ம்ஹோல்ட்ஸ், ஆங்கிலேயராகிய ஜூல் ஆகியோர் 1840ஐத் தொடர்ந்த ஆண்டுகளில் சக்தி அழியாமை விதியை நிலைநாட்டினர். சக்தியை ஓர் உருவிலிருந்து மற்றோர் உருவிற்கு மாற்றலாம். இல்லாததைப் படைக்க இயலாது. நீரைப் பகுக்க எவ்வளவு சக்தி வேண்டுமோ, பகுத்தவை மீண்டும் எரிந்து நீராகும்போது அதற்கு மேற்பட்ட சக்தி கிடைக்காது. நீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருள். சாம்பலை மீண்டும் விறகாக்க விரும்புபவர் அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆக வேண்டும்.

ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1897ஆம் ஆண்டில் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றியுடன் சோதிக்கப்பட்டது. எண்ணெயின் வெப்பத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கை அது வேலையாக மாற்றிற்று. இந்த டீசல் எஞ்சினும் ஹைட்ரஜனும் சந்தித்த இடம் லாரி அன்று, ஆகாயக் கப்பல். பிரிட்டன் கட்டிய ஆர் 101 என்னும் ஆகாயக் கப்பல் கராச்சி வரை பறந்து வருவதற்காக அமைந்தது. வெப்பநாடுகளில் பெட்ரோல் எளிதில் தீப்பற்றும் என்று அஞ்சி, அதற்கு டீசல் எஞ்சின்களைப் பொருத்தினர். ஆகாயக் கப்பலைத் தூக்கி நிறுத்துவது ஹைட்ரஜன். பறக்கப் பறக்க எண்ணெய் தீர்ந்து கப்பலின் எடை குறையும்; உயரம் மிகாதிருக்க ஹைட்ரஜனை வெளியே விட வேண்டும். வீணாகும் இவ்வாயுவை எஞ்சினுக்கே ஊட்டினால் என்ன என்று பொறியியலார் எண்ணினர். பிரிட்டனில் ஹெல்மோர், ஸ்டோக்ஸ் ஆகியோர் 1930ஆம் ஆண்டிலும், அமெரிக்காவில் கெரிஷ், ஃபாஸ்டர் ஆகியோர் 1935ஆம் ஆண்டிலும், டீசல் எஞ்சினில் ஹைட்ரஜனைத் துணை எரிபொருளாகச் சேர்க்கும் ஆராய்ச்சிகளை வெளியிட்டனர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஆகாயக் கப்பலில் அந்த ஹைட்ரஜன் எப்படியும் வெளியேற வேண்டியது. அதை எரித்தால் கிடைப்பது முழு இலாபம். லாரியின் கதை அவ்வாறன்று.

கணக்கிட்டுப் பார்ப்போம். 24 வோல்ட் மின்சாரத்தில், 12 அறைகள் கொண்ட நீர்ப்பெட்டிக்கு 30 ஆம்பியர் செலுத்துவதாகக் கொள்வோம். மணிக்கு ஏறக்குறைய 150 லிட்டர் ஹைட்ரஜன் கிடைக்கும். கேட்பதற்குப் பெரிதாகத் தோன்றும் இவ்வளவு வாயுவில் அடங்கிய வெப்பம், 45 மில்லிலிட்டர் டீசலில் உள்ளதற்கு ஈடாகும். அம்மின்சாரம் எங்கிருந்து வந்தது? பட்டறைகளில் டைனமோ என்று வழங்கும் மின்னாக்கியிலிருந்து. அதைச் சுழற்றுவது எஞ்சின். எஞ்சினைச் சுழற்றுவது டீசல். எஞ்சின் நூற்றுக்கு 40 பங்கும், டைனமோ நூற்றுக்கு 60 பங்கும் திறனுடையவை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு மணி நேர மின்சாரத்திற்கு 300 மில்லிலிட்டர் டீசல் செலவாகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்னும் பழமொழிக்கு இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு வேண்டுமோ?

ஹைட்ரஜன் விரைந்து எரிவதால் டீசலும் செவ்வையாக எரியும், இலாபம் அதிலேதான் என்று சிலர் வாதிப்பர். போதிய அளவு ஹைட்ரஜனைச் சேர்த்தால் புகை குறைவதை ஆய்வுக்கூடங்களில் கண்டதுண்டு. நைட்ரஜன் ஆக்ஸைடுகள் மிகுவதையும் கண்டனர். ஆனால் நன்னிலையில் உள்ள டீசல் எஞ்சின், தனக்குள் வரும் எண்ணெயில் நூற்றுக்கு 98 பங்கிற்கு மேல் எரித்துவிடுகிறது. எஞ்சியுள்ள சொற்பத்தைத் திருத்தி, மேற்கூறிய நட்டத்தையும் ஈடுசெய்து, பெருமிச்சம் காட்ட இச்சிறு பெட்டியால் ஆகாது.

மேலும், ஹைட்ரஜன் விளையாட்டுப் பொருளன்று. காற்றில் நூற்றுக்கு 4 பங்கு முதல் 75 பங்கு வரை கலந்திருந்தாலும் அது தீப்பற்றும். நீர்ப்பெட்டியிலிருந்து ஹைட்ரஜனும் ஆக்ஸிஜனும் ஒன்றாகக் கலந்தே வருவதால் அபாயம் இன்னும் மிகுதி. சிறு பொறியே வெடிக்கப் போதும். ஆர் 101 தன் இந்தியப் பயணத்தில் 1930 அக்டோபர் 5ஆம் நாள் பிரான்சில் வீழ்ந்து எரிந்து, 48 பேரைப் பலிகொண்டது. 1937இல் ஹிண்டன்பர்க் எரிந்தபோது 36 பேர் மாண்டனர்.

உயிருக்கு அபாயம் ஒருபுறமிருக்க, கைப்பொருளுக்கும் அபாயம் உண்டு. நீரால் ஓடும் கார் செய்ததாகக் கூறிய ஸ்டான்லி மேயர் என்பவரது கருவியை, அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் நடந்த வழக்கொன்றில் நிபுணர்கள் ஆராய்ந்தனர். அது சாதாரண மின்பகுப்பே எனக் கண்டனர். அவர் செய்தது மோசடி எனத் தீர்ப்பளித்த நீதிமன்றம், இரு முதலீட்டாளர்களின் 25,000 டாலரைத் திருப்பித் தருமாறு 1996ஆம் ஆண்டில் ஆணையிட்டது.

அவ்வாறாயின் ஹைட்ரஜனை முற்றும் மறந்துவிடலாமா? அன்று. வெயிலாலும் காற்றாலும் கிடைக்கும் மின்சாரத்தைக் கொண்டு நீரைப் பகுத்தால், அந்த ஹைட்ரஜன் சூரியனின் சக்தியைச் சுமந்துவரும் பாத்திரமாகிறது. 2030ஆம் ஆண்டிற்குள் ஆண்டுதோறும் 50 லட்சம் டன் ஹைட்ரஜனை இவ்வழியில் ஆக்க வேண்டும் என்னும் குறிக்கோளுடன், 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. அங்கே சக்தி வெளியிலிருந்து வருகிறது. லாரிப் பெட்டியிலோ லாரியின் வயிற்றிலிருந்தே வருகிறது. வேறுபாடு இதுவே.

மாணவர்களே, பட்டறையில் தகடுகளை அடுக்கிச் சோதனை செய்பவரின் ஆர்வத்தை எள்ளி நகையாட வேண்டா. டி ரிவாஸும் செசிலும் அத்தகைய ஆர்வம் கொண்டவர்களே. ஆனால் புதிய கருவி ஒன்றை எவர் காட்டினாலும், அதனுள் புகும் சக்தி எவ்வளவு, வெளிவரும் சக்தி எவ்வளவு என்று கேட்டுக் கணக்கெழுதிப் பாருங்கள். உழைத்துப் பிழைக்கும் லாரிக்காரர் ஒருவர், இக்கருவியை வாங்கலாமா என்று நாளை உங்களைக் கேட்கக்கூடும். அவருக்கு அந்தக் கணக்கைக் காட்டும் பொறுப்பு படித்தவர்களாகிய உங்களுடையது.