காப்பாளரும் கற்க வேண்டும்

மயிலாப்பூரிலிருந்து கடற்கரைச் சாலை வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் விவேகானந்தர் இல்லத்தைக் கண்டிருப்பீர்கள். அமெரிக்காவிலிருந்து கப்பலேறி வந்த பனிக்கட்டியைச் சேமித்து வைப்பதற்காக 1842-ம் ஆண்டில் எழுந்த கட்டடம் அது. ஐஸ் ஹவுஸ் என்னும் பழைய பெயர் இன்றும் மக்கள் நாவில் வழங்குகிறது. பனிக்கட்டியைக் காத்த அவ்வீடு பிற்காலத்தில் பெண் குழந்தைகளைக் காத்தது.

அதற்குக் காரணமானவர் 1886-ல் மயிலாப்பூரில் பிறந்த சகோதரி சுப்பலட்சுமி. அறியாப் பருவத்திலே மணமாகி, விரைவிலேயே கைம்மை எய்தியவர். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் மகளை வீட்டு மூலையில் ஒடுக்கிவிடாமல் படிக்க வைத்தார். 1911-ல் அவர் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மறு ஆண்டே எழும்பூரில் இளங் கைம்பெண்கள் சிலரைச் சேர்த்து ஓர் இல்லம் தொடங்கினார். இல்லம் வளர்ந்து ஐஸ் ஹவுஸுக்குக் குடிபெயர்ந்தது.

உணவும் உறைவிடமும் அளித்ததோடு அம்மையார் நின்றிருந்தாலும் வரலாறு அவரைப் போற்றியிருக்கும். அவரோ அப்பெண்களை ஆசிரியைகளாக்க முனைந்தார். 1922-ல் லேடி வில்லிங்டன் பயிற்சிக் கல்லூரி தோன்றியபோது அதன் தலைமைப் பொறுப்பும் அவரிடமே வந்தது. அடைக்கலம் தேடி வந்தவள் பிற சிறுமியருக்குக் காப்பாளராகும் வழி திறந்தது. துயரத்தை அறிந்த நெஞ்சு மட்டும் போதாது, முறையான பயிற்சியும் வேண்டும் என்று அவர் கண்டதையே நான் பெரிதும் வியக்கிறேன்.

அக்காலத்தில் சட்டமும் விழித்துக்கொண்டது. 1920-ம் ஆண்டின் சென்னைக் குழந்தைகள் சட்டமே இந்தியாவில் அத்தகைய முதற் சட்டம். வங்காளம் 1922-லும் பம்பாய் 1924-லும் பின்தொடர்ந்தன. ஆயினும் பள்ளிக்குள்ளேயே, மதிப்புக்குரியவர் ஒருவராலேயே குழந்தைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று எண்ணவும் நம் சமூகம் நெடுங்காலம் கூசியது. அக்கூச்சம் குற்றவாளிக்கே துணையாயிற்று.

2012-ல் வந்த போக்சோ சட்டம் அம்மௌனத்தைக் குற்றமாக்கியது. பதினெட்டு வயது நிரம்பாதோர்மீது பாலியல் குற்றம் நிகழ்ந்ததென அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. 2021-ல் சென்னைப் பள்ளி மாணவியர் துணிந்து கூறிய புகார்களையடுத்து, பள்ளிதோறும் தலைமையாசிரியர் தலைமையில் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைய வேண்டுமெனத் தமிழக அரசு பணித்தது. ஆசிரியருக்கும் பிற ஊழியருக்கும் இதற்கெனப் பயிற்சியும் விதிக்கப்பட்டது. 1098, 14417 என்னும் உதவி எண்களை நீங்களும் மனத்தில் இருத்துங்கள்.

இப்பொறுப்பை ஏற்போர் கற்க வேண்டியவை பார்வைக்கு எளியவை. செயலில் மிக அரியவை. குழந்தை பேசுகையில் குறுக்கிடலாகாது. விடையை வாயில் ஊட்டும் வினாக்கள் கூடா. “யாரிடமும் சொல்ல மாட்டேன்” என்று வாக்களிக்கலாகாது. காக்க முடியாத வாக்கு அது. குழந்தையின் சொற்களை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். அதே கதையைப் பலர் முன்னிலையில் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தலும், பள்ளியின் பெயருக்கு அஞ்சிச் சமாதானம் பேசுதலும் அறவே கூடா.

நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாட்களில் கரும்பலகையில் எழுதும் முறையைக்கூடப் பழக்கினார்கள். இவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தலைமையாசிரியனாக இருந்தபோது ஒரு மாலை, ஏழாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் என் அறை வாயிலில் வந்து நின்றான். “ஐயா, ஒன்று சொல்ல வேண்டும்” என்றான். மேசைமீது விடைத்தாள் கட்டுகள் குவிந்திருந்தன. “நாளைக்கு வா, தம்பி” என்றேன். அவன் வரவில்லை. நானே அழைத்துக் கேட்டபோது, நிமிர்ந்து பாராமலே, “ஒன்றுமில்லை, ஐயா” என்று சொல்லிச் சென்றுவிட்டான்.