குளுவாங்கில் பறக்கவிட்ட ஆப்பிரிக்க வண்டு



எங்கள் ஊருக்குப் பெயர் தந்தது 'கெலுவாங்' எனும் பழந்தின்னி வௌவால். ஆனால், செம்பனைத் தொழிலின் வரலாற்றில் இவ்வூருக்கு இடம் தேடித் தந்ததோ அரிசி மணியினும் சிறிய ஒரு கூன்வண்டு. அதன் கதையை நம் மாணவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

செம்பனை இம்மண்ணுக்கு உரிய மரமன்று. மேற்கு ஆப்பிரிக்காவே அதன் தாயகம். அடிமை வணிகக் காலத்தில் அது கரிபியன் தீவுகளையும் அடைந்தது. அங்கு மார்த்தினிக்குத் தீவில் வளர்ந்த மரத்தைக் கண்ட ஜாக்குவின் எனும் தாவரவியலாளர், 1763-இல் அமெரிக்கத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் அதற்கு 'எலயிஸ் கினியென்சிஸ்' என்று பெயரிட்டார். முதற்சொல் எண்ணெயையும், அடுத்த சொல் கினிப் பகுதியையும் குறிப்பவை. 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் பூங்காவுக்கு வந்தன. மலாயாவில் அது வணிகப் பயிரானது 1917-இல், சிலாங்கூரில்.

மரம் வந்தது, அதனோடு வாழ்ந்த பூச்சிகள் வரவில்லை. செம்பனையில் ஆண் மலர்க்கொத்தும் பெண் மலர்க்கொத்தும் வெவ்வேறு காலத்தில் மலர்வன. காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது என்று அறிஞர்கள் நெடுங்காலம் நம்பினர். காய்ப்புக் குறைந்த இடங்களில் தொழிலாளர்கள் மகரந்தத்தை டால்கம் மாவுடன் கலந்து, மரம் மரமாகச் சென்று பெண்பூக்களில் தூவினர்.

யூனிலிவர் தோட்டங்களின் பொறுப்பாளரான லெஸ்லி டேவிட்சன், முன்னர் கேமரூனில் பணியாற்றியவர். அங்கே செம்பனைப் பூக்களில் வண்டுகள் மொய்ப்பதை அவர் கண்டிருந்தார். அவருடைய முயற்சியால், ரகுமான் சையது எனும் பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் 1970-களின் இறுதியில் கேமரூன் சென்று ஆராய்ந்தார். ஒரே பேரினத்தைச் சேர்ந்த பல வண்டுகளுள் அவர் தேர்ந்தெடுத்தது 'எலயிடோபியஸ் கேமரூனிக்கஸ்'. இது சோம்பு மணம் வீசும் ஆண்பூக்களை நாடி வரும். வாடிய ஆண்பூக்களிலேயே முட்டையிடும். மகரந்தம் ஒட்டிய உடலுடன் பெண்பூக்களுக்கும் செல்லும்.

அயல்நாட்டு உயிரொன்றைக் கொணர்வது ஆபத்தான செயல். வகைப்பாட்டில் இனம் பிழைத்தால் பயிர்கள் அழியக்கூடும். எனவே, பிற பயிர்களில் அது பெருகாது என்று சோதித்த பின்னரே, 1981 பிப்ரவரியில் குளுவாங் மாமோர் தோட்டத்தில் பறக்கவிட்டனர். வண்டு விரைந்து பரவியது. குலைகளில் காய்ப்புப் பெருகியது. கையால் மகரந்தம் தூவும் வேலையும் மறைந்தது.

டேவிட்சன், சையது ஆகியோரின் பெயர்கள் வரலாற்றில் நிலைத்துவிட்டன. வண்டுக்கும் இலத்தீனில் பெயருண்டு. வண்டு வருமுன் அதன் வேலையைச் செய்த கைகளுக்கு மட்டும் எந்நூலிலும் பெயரில்லை. அவர்களுள் நம் தோட்டத்து மூத்தோரும் உள்ளனர். அன்பர்களே, உங்கள் இல்லத்துத் தாத்தா பாட்டியரிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதை எழுதி வையுங்கள். அவர்கள் காலத்திற்குப் பின் கேட்பதற்கு ஆளிருக்காது.