கோலூன்றிய மூதாட்டியும் குடும்ப வன்முறைச் சட்டமும்

ஔவை என்றதும் தமிழ்க் குழந்தையின் மனக்கண்ணில் தோன்றுவது, நரைத்த கூந்தலும் ஊன்றுகோலும் கொண்ட மூதாட்டியின் உருவமே. முதுமையைப் போற்றிய மரபு தம்முடையது எனத் தமிழர் பெருமை கொள்வர். அப்பெருமையே சிலபோது கண்ணை மறைத்துவிடுவதும் உண்டு. தாயைத் தெய்வமாகக் கருதும் சமுதாயத்தில் தாய்க்குத் தீங்கு நேராது என்ற நம்பிக்கை வேரூன்றிவிடுகிறது. பார்வை குன்றியோ நடக்க இயலாமலோ வாழும் முதிய பெண்கள் தம் இல்லத்திலேயே துன்புறுத்தப்படுவது நெடுங்காலம் பேசப்படாதிருந்தமைக்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணமாகும்.

இல்லத்து வன்முறையை உலகம் ஒரே நாளில் உணர்ந்துவிடவில்லை. 1962இல் அமெரிக்க மருத்துவர் கெம்பும் அவர்தம் குழுவினரும் பெற்றோரால் தாக்கப்படும் குழந்தைகளைப் பற்றி எழுதினர். 1971இல் லண்டனின் சிசிக் பகுதியில், கணவன்மாரால் தாக்கப்பட்ட மனைவியருக்குப் புகலிடம் ஒன்று தோன்றியது. 1975இல்தான் பேக்கர், பர்ஸ்டன் என்னும் மருத்துவர்கள் பிரிட்டிஷ் மருத்துவ இதழ்களில், பாட்டிமார் அடிக்கப்படும் கொடுமையை எழுதி வெளிப்படுத்தினர். குழந்தை, மனைவி, மூதாட்டி என்ற இவ்வரிசையில் மூதாட்டி இறுதியாகவே கண்ணில் பட்டாள்.

சிங்கப்பூரின் சட்ட வரலாறும் ஏறக்குறைய இவ்வழியிலேயே சென்றது. 1961இல் இயற்றப்பட்ட மாதர் சாசனம் திருமணத்தையும் மனைவியின் உரிமையையும் முதன்மையாகக் கொண்டது. 1992இல் முதல் பெண் நியமன நாடாளுமன்ற உறுப்பினரான எலும்பு அறுவை மருத்துவர் கன்வல்ஜித் சோயின், 1995இல் குடும்ப வன்முறை மசோதா ஒன்றைக் கொணர்ந்தார். அது நிறைவேறவில்லை. எனினும் அதன் கூறுகள் பல, 1996இல் மாதர் சாசனத்திற்குச் செய்யப்பட்ட திருத்தத்தில் இடம்பெற்றன. அதன்வழி பெற்றோரும், மாமனார் மாமியாரும், உடற்குறையாலோ நோயாலோ முதுமையாலோ இயலாதவர்களும் பாதுகாப்பு ஆணை பெறும் தகுதி எய்தினர். மலேசியாவில் 1994இல் இயற்றப்பட்ட குடும்ப வன்முறைச் சட்டமும் இயலாத பெரியவர்களைத் தன் பாதுகாப்பில் சேர்த்துக்கொண்டது.

ஆயினும் ஓர் இடர்ப்பாடு எஞ்சி நின்றது. நீதிமன்றத்தின் படியேறுவது யார்? இயலாதவர் சார்பில் உறவினரோ பராமரிப்பவரோ விண்ணப்பிக்கலாம் என 1996ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளித்தது. ஆனால் அடிக்கும் கையே சோறூட்டும் கையாகவும் இருந்தால், யாரிடம் சென்று முறையிடுவது? இத்தகைய பெண்ணைத் துன்புறுத்தக் கையோங்க வேண்டும் என்பதும் இல்லை. ஊன்றுகோலை எட்டாத இடத்தில் வைத்தல், மூக்குக்கண்ணாடியை ஒளித்தல், மருந்தை வேளைக்குத் தராதிருத்தல், அழுக்கான படுக்கையை மாற்றாது விடுதல், சேமிப்பைக் கைரேகை பெற்று எடுத்துக்கொள்ளுதல், முதியோர் இல்லத்தில் தள்ளிவிடுவதாக அச்சுறுத்தல் ஆகிய யாவும் கொடுமைகளே. இவற்றுட் பல உடலில் வடுவை விடுவதில்லை. வடு இருப்பினும் 'தவறி விழுந்தார்' என்ற ஒரு சொல்லில் அது மறைந்துவிடும். பிள்ளையின் பெயர் கெடும் என்ற அச்சத்தால் மூதாட்டியும் வாய் திறப்பதில்லை.

இவ்விடர்ப்பாட்டை உலகம் மெல்ல மெல்ல உணர்ந்தது. ஐக்கிய நாட்டு நிறுவனம் 2006இல் ஏற்ற உடற்குறையுள்ளோர் உரிமை உடன்படிக்கை, அவர்களை இல்லத்தின் உள்ளும் புறமும் வன்முறையினின்று காத்தல் அரசின் கடமை என்றது. மலேசியா 2010இலும் சிங்கப்பூர் 2013இலும் அதனை உறுதிசெய்தன. 2018இல் சிங்கப்பூர், எளிதில் பாதிப்படையக்கூடிய பெரியவர்களுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. உடல் அல்லது மனத் தளர்ச்சியால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாதவர் இருக்கும் வீட்டினுள் அதிகாரிகள் நுழைந்து நிலையை அறியவும், தேவையாயின் அவரைப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுசெல்லவும் அச்சட்டம் வழிசெய்தது. நீதிமன்றத்தை நாடி மூதாட்டி வர இயலாவிடின், காவல் அவரை நாடிச் செல்லும் என்பதே இதன் உட்பொருள். மனத்தெளிவுள்ளவரின் இசைவைப் பொதுவாகப் பெறுதல் வேண்டும் என்றும் அது வரையறுத்தமை, இயலாதவரும் தம் வாழ்வுக்கு உரியவரே என்பதை உணர்த்துகிறது.

எனினும் சட்டம் தானே கதவைத் தட்டுவதில்லை. உள்ளே துன்பம் உண்டென எவரேனும் சொன்னாலன்றி எந்த அதிகாரியும் வருவதற்கில்லை. நல்லெண்ணத்துடன் தகவல் தருவோருக்கும் 2018ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்பளிக்கிறது. ஆகலின் அண்டை வீட்டாரும் ஆசிரியரும் மாணவரும் வாய்மூடியிருக்கக் காரணமில்லை. தமிழையன்றிப் பிறமொழி அறியாத மூதாட்டிக்குத் தம் உரிமையைத் தமிழில் எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். மூதுரையும் நல்வழியும் கற்பிக்கும் தமிழ் வகுப்பில் ஔவையின் பெருமை பேசப்படுகிறது. கோலூன்றிய அம்மூதாட்டியைப் போற்றும் மாணவன், தன் அடுக்குமாடி வீட்டிலோ அண்டை வீட்டிலோ கோல் பறிக்கப்பட்டு அமர்ந்திருக்கும் பாட்டியையும் காணக் கற்றல் வேண்டும். அதுவே அக்கல்வியின் பயனாகும்.