பதிவு எண் 1

லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை 1123-இல் தொடங்கியது. அவ்வளவு பழைய இடத்துக்கு 1881-இல் மேட்ரனாக வந்தவருக்கு வயது 24 தான். பெயர் எத்தல் கார்டன் மேன்சன், ஸ்காட்லாந்துக்காரர். நாட்டிங்ஹாமிலும் மான்செஸ்டரிலும் பயிற்சி பெற்று, 'லண்டன் ஹாஸ்பிடல்' என்ற பெரிய மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தவர்.

மேட்ரன் என்றதும் வார்டில் அதட்டிக்கொண்டு நடக்கும் அம்மா ஞாபகத்துக்கு வரலாம். அன்றைய மேட்ரன் மொத்த நர்சிங் நிர்வாகத்துக்கும் தலைவர். யாரைச் சேர்ப்பது, எப்படிப் பயிற்றுவிப்பது, யாரை எந்த வார்டில் போடுவது, எல்லாம் அவர் கையில். இப்ப கார்ப்பரேட் மருத்துவமனைகளில் சீஃப் நர்சிங் ஆபீசர் என்கிறார்களே, அதன் மூதாதை.

1887-இல் டாக்டர் பெட்ஃபோர்ட் ஃபென்விக்கைக் கல்யாணம் செய்தார், பதவியை விட்டார். ஆறே வருஷம். அதற்குப் பிறகு அவர் எந்த மருத்துவமனைக்கும் மேட்ரன் ஆகவில்லை. ஆனால் அவருடைய பெரிய வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

அந்தக் காலத்தில் யார் நர்ஸ் என்பதற்குச் சட்டத்தில் பதிலே கிடையாது. ஒவ்வொரு மருத்துவமனையும் தன் இஷ்டத்துக்குச் சான்றிதழ் கொடுத்தது. ஒரு இடத்தில் ஒரு வருஷப் பயிற்சி, இன்னொரு இடத்தில் மூன்று. பயிற்சியே இல்லாதவரும் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வீட்டு நோயாளியைப் பார்க்கப் போகலாம். எங்க ஐடி பாஷையில் சொன்னால், கையில் இருப்பது பழைய கம்பெனியின் எக்ஸ்பீரியன்ஸ் லெட்டர் மட்டும், டிகிரி கிடையாது.

ஃபென்விக் அதே 1887-இல் பிரிட்டிஷ் நர்ஸ்கள் சங்கத்தைத் தொடங்கினார். கேட்டது இதுதான்: மூன்று வருஷப் பயிற்சி, பொதுத் தேர்வு, அரசுப் பதிவேடு.

எதிர்த்தது யார் தெரியுமா? ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல். நல்ல நர்ஸின் குணத்தைப் பரீட்சை வைத்து அளக்க முடியாது என்பது அவர் வாதம். லண்டன் ஹாஸ்பிடல் மேட்ரன் ஈவா லூக்ஸும் அவர் பக்கம். லூக்ஸின் மருத்துவமனையில் பயிற்சி இரண்டு வருஷம்தான். பயிற்சி முடியும் முன்பே நர்ஸ்களை வெளி வீடுகளுக்கு அனுப்பி, கட்டணத்தை மருத்துவமனை வாங்கிக்கொள்ளும். மூன்று வருஷம் என்று சட்டம் வந்தால் இந்த ஏற்பாடு என்னாகும்? நைட்டிங்கேலின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதன் நிழலில் கணக்குப் புத்தகமும் இருந்தது.

சண்டை 32 வருஷம் நடந்தது. ஃபென்விக் சொந்தப் பத்திரிகை நடத்தினார், 1899-இல் சர்வதேச நர்ஸ்கள் கவுன்சிலின் முதல் தலைவரானார். 1901-இல் நியூசிலாந்து முந்திக்கொண்டு சட்டம் போட்டது. பிரிட்டனில் 1919 டிசம்பரில்தான் நிறைவேறியது. 39 வருஷம் மேட்ரன் நாற்காலியில் இருந்த லூக்ஸ் அதே வருஷ ஆரம்பத்தில் இறந்திருந்தார்.

1921-இல் பதிவேடு திறந்தபோது முதல் பெயர், எண் 1, எத்தல் ஃபென்விக்.

கதை இங்கே சுபமாக முடியவில்லை. நர்சிங் படித்த மேல்தட்டுப் பெண்களுக்கானது என்ற எண்ணம் அவருக்கு உண்டு. விண்ணப்பங்களை அவர் சலித்துச் சலித்துப் பார்த்ததில் பதிவு இழுத்தது, கவுன்சிலில் சண்டை வந்தது. பதிவு பெற்ற நர்ஸ்கள் முதன்முதலாக ஓட்டுப் போட்டபோது அவரையே தோற்கடித்தார்கள். அந்த ஓட்டுரிமையே அவர் போராட்டத்தில் கிடைத்தது என்பதுதான் வேடிக்கை.

மெட்ராஸ் மாகாணத்துக்கு இத்தகைய சட்டம் 1926-இல் வந்தது. தமிழ்நாடு நர்சிங் கவுன்சில் உருவானது அதன் கீழ்தான். வேலூரில் படித்த நர்ஸ் மதுரையில் வேலைக்குச் சேரும்போது, பழைய மேட்ரனின் கடிதத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. பதிவு எண் இருக்கிறது. அது மருத்துவமனைக்குச் சொந்தமில்லை, அவருக்குச் சொந்தம்.